பிள்ளை போய்ச் சேர்ந்ததா? சண்டிலிப்பாய்ப் பிரிவில் சிறுவர் உளநலச் சேவையை ஒழுங்கு செய்தல்

சிறுவருக்கு உளநலச் சேவை வேண்டும் என்று ஒரு பிரதேசத்தில் பேச்சு எழுந்தால் முதலில் கேட்கப்படுவது கட்டடமும் நிபுணரும். இரண்டும் தேவைதான். ஆனால் அவை வந்து சேரும்வரை காத்திருந்தால், இன்றைக்கு எட்டாம் தரத்தில் தடுமாறுகிற பிள்ளை அதற்குள் பாடசாலையை விட்டே போய்விடும்.

சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலர் பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். நவாலி, மானிப்பாய், சுதுமலை தொடங்கிப் பண்டத்தரிப்பு, சில்லாலை, மாதகல் கடற்கரை வரைக்கும் நீளுகிற பிரிவு இது. தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் அரச உத்தியோகத்தரும் வெளிநாட்டுப் பணத்தில் வாழ்பவர்களும் இங்கே அடுத்தடுத்த ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாகப் போகிறார். பாடசாலைகளில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் என்று பதவிகள் இருக்கின்றன. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ் போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இயங்குகின்றன. ஆட்கள் போதாது என்பது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய குறை வேறொன்று. ஆசிரியர் அனுப்பிய பிள்ளை வைத்தியரிடம் போய்ச் சேர்ந்ததா, வைத்தியர் சொன்னது ஆசிரியருக்குத் தெரியுமா என்று கேட்பதற்கு ஒருவரும் இல்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்தில்தான் பிள்ளைகளை இழக்கிறோம். இந்த அத்தியாயம் அந்த இடத்தைப் பற்றியது.

எத்தனை பிள்ளைகளுக்கு ஆயத்தமாவது?

10 வயதுக்கும் 19 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு உளநலப் பிரச்சினை இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 700 மாணவர் படிக்கும் ஒரு பாடசாலைக்கு இதைப் பொருத்தினால் நூறு பிள்ளைகள் வரும். எந்த நிபுணராலும் ஒரு பிரிவின் எல்லாப் பாடசாலைகளிலிருந்தும் இப்படி வரும் தொகையைப் பார்த்து முடிக்க இயலாது. பார்க்கவும் தேவையில்லை. இந்த நூறில் பெரும்பகுதிக்கு வேண்டியது தன்னை அறிந்த ஒரு ஆசிரியர், அடிக்காத ஒரு வகுப்பறை, இரவில் சண்டை இல்லாத ஒரு வீடு. சிலருக்குத் தொடர்ச்சியான உளவளத்துணை வேண்டும். மிகச் சிலருக்கே மருந்தும் விசேட சிகிச்சையும். ஆகவே இந்தச் சேவையை ஒழுங்கு செய்யும் நீங்கள் உங்கள் நேரத்தின் பெரும்பகுதியைப் பாடசாலையிலும் வீட்டிலும் செலவிடுங்கள். நிபுணரின் நேரத்தை, அவர் மட்டுமே பார்க்கக்கூடிய பிள்ளைக்கென்று காத்து வையுங்கள்.

வாழ்நாள் உளநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்பதையும் மனதில் வைத்திருங்கள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது ஆலோசனை வகுப்பு வைப்பது பிந்திய வேலை.

முதற் கண்கள்

பள்ளிக்கூட வயதுக்கு முந்திய பிள்ளையை ஒழுங்காகப் பார்ப்பவர் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்தான். அவர் நிரப்பும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு தாயிடம் இருக்கிறது. அதில் நிறை, உயரம், ஊசி விபரங்களோடு விருத்திப் படிகளுக்கும் இடம் இருக்கிறது. நிறைக்கோடு ஒவ்வொரு மாதமும் ஏறுகிறது. விருத்திப் பக்கமோ பல வீடுகளில் வெறுமையாகவே கிடக்கும். சண்டிலிப்பாயில் நீங்கள் தொடங்கும் வேலைக்கு முதலாவது படி அந்தப் பக்கத்தை நிரப்புவது.

இரண்டு வயதைத் தாண்டியும் சொற்கள் வராத பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, பார்த்துக் கைகாட்டாத பிள்ளை. இந்த மூன்றையும் குடும்பநல உத்தியோகத்தர் தவறவிடக் கூடாது. தாய் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: "அவற்ற தகப்பனும் நாலு வயசிலதான் கதைச்சவராம், மிஸ்." இதை மறுத்து வாதாட வேண்டாம். "இருக்கலாம் அம்மா. எதுக்கும் ஒருக்கால் காட்டுவம். காது கேக்குதோ எண்டும் பாப்பம்" என்று சொன்னால் தாய் வருவார். காது கேட்கும் திறனைச் சோதிப்பதில் தொடங்குவது மருத்துவரீதியாகவும் சரி, தாயின் மனதுக்கும் இலகு.

பாடசாலைப் பருவத்தில் தரம் 1, 4, 7, 10 ஆகியவற்றில் மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வைத்திய அதிகாரியும் பாடசாலைக்கு வரும் நாள் அது. பல்லும் கண்ணும் நிறையும் பார்க்கப்படுகிற அந்த நாளுக்கு முன்னரே வகுப்பாசிரியரிடம் ஒரு கேள்வியை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்: இந்த ஆண்டு யாருடைய போக்கு மாறியிருக்கிறது? நன்றாகப் படித்துத் திடீரென்று விழுந்த பிள்ளை, திங்கட்கிழமைகளில் வயிற்றுக்குத்து என்று வராமல் நிற்கும் பிள்ளை, யாரோடும் சேராத பிள்ளை. வகுப்பாசிரியருக்கு மூன்று நான்கு பெயர்கள் உடனே வரும். நீண்ட வினாக்கொத்தைவிட இந்தப் பெயர்கள் பெறுமதியானவை. கேள்விக்கொத்து வேண்டுமென்றால் 25 கேள்விகள் கொண்ட, பெற்றோரும் ஆசிரியரும் பதினொரு வயதைக் கடந்த மாணவரும் நிரப்பக்கூடிய பலங்களும் இடர்ப்பாடுகளும் பற்றிய வினாக்கொத்து தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் பாடசாலை முழுவதற்கும் அதை ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். கண்டுபிடித்த பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமல் கண்டுபிடிப்பது, பெயரை மட்டும் கெடுத்துவிட்டுப் போகிற வேலை.

கோயில் ஐயரையும் நாட்டு வைத்தியரையும் இந்த வட்டத்துக்கு வெளியே நிறுத்த வேண்டாம். சித்த வைத்தியத்துக்குப் பேர்போன சில்லாலை இந்தப் பிரிவுக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளைக்குப் பார்வை பார்க்கவும் நூல் கட்டவும் குடும்பங்கள் வைத்தியசாலைக்கு முன்பே போகின்றன. ஐயரையும் வைத்தியரையும் சந்தித்து, வலிப்பு, சாப்பாட்டை அடியோடு விடுதல், தன்னைத் தானே காயப்படுத்தல், இல்லாத குரல் கேட்டல் ஆகியவற்றைக் கண்டால் அன்றைக்கே எங்களுக்கும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நூல் கையில் இருக்கட்டும். பிள்ளை கிளினிக்குக்கும் வரட்டும்.

பாடசாலைக்குள் எதைச் செய்வது, எதை விடுவது

யாழ் மாவட்டத்துப் பாடசாலைகளில் நடந்த ஒரு ஆய்வை இந்த வேலையில் இறங்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். யுத்தத்தால் பாதிக்கப்பட்ட 399 பிள்ளைகளைக் கொண்டு நடந்தது. முடிவு 2012இல் வெளிவந்தது. ஐந்து வாரங்களில் 15 உளநல அமர்வுகளை, நிபுணர் அல்லாத, உள்ளூரிலேயே பயிற்றப்பட்டவர்கள் நடத்தினார்கள். மொத்தமாகப் பார்த்தால் பிள்ளைகளின் மனவடுவையும் சோர்வையும் அந்தத் திட்டம் குறைக்கவில்லை. நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. ஆண்பிள்ளைகளுக்குச் சில அறிகுறிகளில் பலன் கிடைத்தது. பெண்பிள்ளைகளிலோ, பங்குபற்றியவர்களைவிடப் பங்குபற்றாதவர்களிலேயே மனவடு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. வீட்டைச் சுற்றி யுத்த நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளே அதிகம் பயன்பெற்றார்கள்.

நல்ல எண்ணத்தோடு செய்யும் வேலையும் சில பிள்ளைகளுக்குக் கெடுதலாகலாம் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த சாட்சி இது. ஆகவே முழு வகுப்பையும் கூட்டி வைத்து, நடந்த கொடுமைகளைச் சொல்லுங்கள், படம் வரையுங்கள் என்று கேட்கும் நிகழ்ச்சிகளை விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்து இரண்டு நாட்களில் செய்து தருகிறோம் என்றால் அதிபர் மறுக்க வேண்டும். முழு வகுப்புக்கும் வேண்டியவை விளையாட்டு, பாட்டு, நாடகம், ஒழுங்கான நேரசூசி, கேலிக்கு இடமில்லாத வகுப்பு. தங்கத் தாத்தா சோமசுந்தரப் புலவரின் நவாலி இந்தப் பிரிவுக்குள்தான் இருக்கிறது. பிள்ளைப் பாட்டுக்கு இந்த ஊர்கள் புதியவையல்ல. கதைக்க வேண்டிய துயரம் இருக்கும் பிள்ளைக்கு ஒரு தனி அறையும் ஒரே ஆளும் போதும்.

உடற்தண்டனையைக் கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றறிக்கை தடை செய்துவிட்டது. ஆனாலும் தடி எல்லா வகுப்பறைகளையும் விட்டுப் போகவில்லை. ஒரு ஆசிரியர் காலையில் அடித்துவிட்டு மத்தியானம் உளவளத்துணை செய்ய முடியாது. அடிக்கிற பாடசாலையில் பிள்ளை எவரிடமும் வாய் திறக்காது. அதிபரோடு பேசும்போது இதைத் தவிர்க்காமல் பேசுங்கள்.

ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியருக்குப் பாடவேளையைக் குறைத்துக் கொடுங்கள். வாரத்தில் முப்பது பாடவேளை எடுப்பவரிடம் உளவளத்துணையையும் கேட்பது அவருக்கும் பிள்ளைக்கும் அநியாயம். அவரை மாதம் ஒருமுறையாவது மனநல வைத்திய அதிகாரியோ அனுபவமுள்ள உளவளத்துணையாளரோ சந்தித்து, பார்க்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் சாந்திகம் நிலையமும் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்களும் யுத்த காலத்திலேயே ஆசிரியர்களையும் ஊர்த் தொண்டர்களையும் பயிற்றினார்கள். ஆனால் ஒருமுறை பயிற்றப்பட்டுக் கைவிடப்பட்டவர் சில மாதங்களில் புத்திமதி சொல்பவராக மாறிவிடுவார். தொடர்ந்து கேட்க ஒருவர் இருந்தால்தான் பயிற்சி உயிரோடு இருக்கும்.

போதைப்பொருளோடு பிடிபட்ட மாணவரைப் பாடசாலையிலிருந்து நீக்குவது இன்று பரவலாக நடக்கிறது. ஐஸ் என்றோ மாவா என்றோ பெயர் எதுவானாலும், நீக்கப்பட்ட அன்றே அந்தப் பொடியன் விற்பவனின் முழுநேர ஆளாகிவிடுகிறான். பாடசாலையோடு கட்டி வைத்துக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

அனுப்பும் கடிதம்

இதுதான் முழு ஒழுங்கின் முடிச்சு. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். நூல்களைத் தமிழில் பெயர்த்தார். அந்த மானிப்பாய் உள்ள பிரிவில் ஆசிரியர் ஒருவர் வைத்தியருக்கு எழுதும் கடிதம் தமிழில் இருக்க ஒரு தடையும் இல்லை. நோயின் பெயரை எழுத வேண்டாம். கண்டதை எழுதுங்கள். "மூன்று வாரமாக இடைவேளையில் சாப்பிடுவதில்லை. கணிதப் பாடத்தில் அழுகிறாள். தகப்பன் கட்டாருக்குப் போய் நான்கு மாதம்." இவ்வளவும் வைத்தியருக்குப் போதும்.

கடிதத்தை மூடிய உறையில் வையுங்கள். மேலே பிள்ளையின் பெயர் வேண்டாம், ஒரு இலக்கம் போதும். கீழ்ப்பகுதியில் கிழித்து அனுப்பும் ஒரு துண்டு இருக்கட்டும்: வந்தார் அல்லது வரவில்லை, அடுத்த முறை எப்போது, பாடசாலை செய்ய வேண்டியது என்ன. வைத்தியர் அதை நிரப்ப ஒரு நிமிடம் ஆகும். நோய் விபரம் அதில் தேவையில்லை. "பரீட்சை மேசையில் கதவுப் பக்கம் இருத்துங்கள்" என்ற ஒரு வரி ஆசிரியருக்குப் போதுமானது.

அந்தத் துண்டு இரண்டு கிழமைக்குள் திரும்பி வராவிட்டால் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். யார் போவது என்று முன்கூட்டியே பெயர் குறித்துத் தீர்மானியுங்கள். எல்லோருடைய பொறுப்பும் என்றால் ஒருவரும் போகமாட்டார்கள். பல வேளைகளில் வராததற்குக் காரணம் பயமோ மூடநம்பிக்கையோ ஆக இராது. கூலிக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் வேலை போகும், பஸ் காசு இல்லை, வீட்டில் இன்னொரு கைக்குழந்தை. பஸ் காசுக்கு உள்ளூரில் வழி பார்க்கலாம். கோயில் தர்மகர்த்தா சபையும் பழைய மாணவர் சங்கமும் வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கங்களும் அதற்கு உதவத் தயாராகவே இருப்பார்கள். கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கக் காசு கொடுப்பவரிடம், பெயர் வெளியே தெரியாத இந்தப் பஸ் காசைக் கேளுங்கள்.

அறையும் நாளும்

எல்லோரும் எல்லோருக்கும் உறவான ஊர் இது. கிளினிக் வாசலில் நிற்பதை ஒருவர் கண்டால் பின்னேரத்துக்குள் மானிப்பாய்ச் சந்தை வரைக்கும் செய்தி போய்விடும். பிறகு அந்தப் பெண்பிள்ளையின் கலியாணப் பேச்சில்கூட அது வந்து நிற்கும். ஆகவே சிறுவர் உளநலக் கிளினிக்கைத் தனியாக நடத்தாமல் சிறுவர் நலக் கிளினிக்கோ பாடசாலைச் சுகாதார வேலையோ நடக்கும் அதே கட்டடத்தில், அதே வாசலால் போகும்படி வையுங்கள். கதவு மூடக்கூடிய அறை வேண்டும். காத்திருக்கும் இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இலக்கம் சொல்லிக் கூப்பிடுங்கள். பாடசாலை முடிந்த பின்னேரமே நல்ல நேரம். ரியூசன் தொடங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டும். இதையெல்லாம் சின்ன விஷயம் என்று நினைத்து விட்டுவிட்டால் நிபுணர் வந்து வெறுங்கதிரைகளோடு இருப்பார்.

வீடு

2008இல் வெளியான ஒரு ஆய்வு வடகிழக்கின் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்டறிந்தது. யுத்தத்தோடு தொடர்பான ஏதாவது ஒன்றை அனுபவித்தவர்கள் 82.4 சதவீதம். குடும்பத்துக்குள் அடியோ வேறு துன்பமோ அனுபவித்தவர்கள் 95.6 சதவீதம். தகப்பன் குடிப்பதும் யுத்தத்தை அனுபவித்ததும், பிள்ளை வீட்டில் துன்புறுவதோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன. பிள்ளையின் மனதைப் பார்க்கப் புறப்பட்டவர்கள் தகப்பனின் குடியைப் பார்க்காமல் திரும்ப முடியாது.

குடிக்கும் தகப்பனும் கத்தும் தாயும் யார்? 1995 ஜூலை 9இல் நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில், இந்தப் பிரிவு அடங்கிய வலிகாமம் முழுவதும் இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு நடந்தது. அப்போது பத்து வயதாயிருந்தவர்கள் இன்று உங்கள் முன்னால் இருக்கும் பெற்றோர். அவர்களிடம் "ஏன் பிள்ளையை இப்படி வளர்க்கிறீர்கள்" என்று கேட்காதீர்கள். "நீங்கள் சின்ன வயசில எங்க இருந்தனீங்கள்?" என்று கேளுங்கள். கதை தானாக வரும். பிள்ளைக்குச் சிகிச்சை தொடங்கும் அதே நாளில் பெற்றோரில் ஒருவருக்கும் அங்கேயே ஒரு நேரம் ஒதுக்குங்கள். தகப்பனைச் சந்திக்க மாலை ஆறு மணிக்குப் பிறகு வீட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். பேரனார் பேத்தியாரிடம் வளரும் பிள்ளையானால், வெளிநாட்டில் இருக்கும் தாயைத் தொலைபேசியில் அழைத்தே பேசுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ எழுதினாலோ, நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போனால் நல்லம் எண்டு எப்பவாவது நினைச்சனியோ, அப்பு?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்ட பின் தனியே விடாதீர்கள். அன்றைக்கே வைத்தியசாலை. நாளைக்குப் பார்க்கலாம் என்ற சொல் இங்கே இல்லை. தோட்டக் குடும்பங்கள் நிறைந்த பிரிவில் பூச்சிமருந்து வீட்டுக்குள் இருக்கும். மாத்திரைப் பெட்டி அலமாரியில் இருக்கும். பூட்டி வைக்கவோ வேறு வீட்டுக்குக் கொடுக்கவோ குடும்பத்தோடு பேசி, செய்தார்களா என்று போய்ப் பாருங்கள். இலங்கையில் 1995இல் இலட்சத்துக்கு 47 ஆக உச்சம் தொட்ட தற்கொலை வீதம் பின்னர் பெருமளவு குறைந்ததற்குக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது பெருங்காரணம். கைக்கு எட்டாமல் செய்வது உயிரைக் காக்கிறது.

மாணவர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டால் பாடசாலை செய்யக்கூடாதவை இரண்டு உண்டு. எப்படி இறந்தார் என்பதை விரிவாகப் பேசுவதும் அவரைப் பெரிதாக்கிக் கொண்டாடுவதும் ஆகாது. 1980இல் யாழ்ப்பாணத்தில் இரு மாணவியர் உயிர் மாய்த்த செய்தி பத்திரிகைகளில் பரவியபின், அதே வழியில் ஆபத்துக்குள்ளானோர் தொகை அடுத்தடுத்த ஆண்டுகளில் ஏறியதை நம் வைத்தியர்களே பதிந்து வைத்திருக்கிறார்கள். இறந்தவரின் நெருங்கிய நண்பர்களைத் தனித்தனியாகச் சந்தியுங்கள். அடுத்த சில வாரங்கள் அவர்கள்மீது கண் இருக்க வேண்டும்.

துஷ்பிரயோகம் என்று சந்தேகம் வந்தால் பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். ஒருமுறை கேட்டதை அதே சொற்களில் எழுதி, சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தருக்கோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கோ சொல்லுங்கள். குடும்ப மானம் என்று ஊர்ப் பெரியவர்கள் இணக்கம் பேச வருவார்கள். அதில் நீங்கள் உட்காரக் கூடாது.

மாதக் கூட்டம்

புதிய குழு அமைக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் அபிவிருத்திக் குழு ஏற்கெனவே கூடுகிறது. அதற்குப் பின் முக்கால் மணி நேரம், பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்யும் ஐந்தாறு பேர் மட்டும் இருந்துகொள்ளுங்கள். மேசையில் ஒரு கொப்பி இருக்கட்டும். இலக்கம், கண்டவர், அனுப்பிய திகதி, போய்ச் சேர்ந்ததா, அடுத்து யார். பெயர்கள் அந்தக் கொப்பியில் வேண்டாம். எத்தனை கருத்தரங்கு நடத்தினோம், எத்தனை பேர் வந்தார்கள் என்பது மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கைக்கு உதவும். இந்தக் கூட்டத்துக்கு வேண்டியவை இரண்டே கணக்குகள்: அனுப்பியவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறையும் வந்தார்கள்.

முதல் தவணையில் ஒரு பாடசாலையும் ஒரு குடும்பநல உத்தியோகத்தரின் பகுதியும் போதும். இடமாற்றம் வரும்போது கொப்பியை அடுத்தவரிடம் நேரில் கையளித்து, திறந்திருக்கும் ஒவ்வொரு இலக்கத்தையும் அவரோடு இருந்து வாசியுங்கள். அரச சேவையில் நல்ல ஒழுங்குகள் பெரும்பாலும் ஒருவரின் இடமாற்றத்தோடுதான் நின்றுபோகின்றன.

இந்த மூன்று இலக்கங்களையும் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் பிள்ளையின் கண்மட்டத்தில் எழுதி வையுங்கள்: தேசிய மனநல உதவித் தொலைபேசி 1926, சிறுவர் உதவித் தொலைபேசி 1929, அம்புலன்ஸ் 1990.